ஒண்டிக்கட்டைக்கு வரி கூடுதலா? பிப்ரவரி சம்பளத்தில் 45 ஆயிரம் போய்விட்டது

குழித்துறை ரயில் | பிப்ரவரி 28, இரவு 9.40

நேற்று சம்பளம் வந்தது. பார்த்ததும் வேறு யாருடைய பே ஸ்லிப்பையோ எனக்கு அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஜனவரியில் கைக்கு வந்தது 1,01,601. இந்த மாதம் 68,018.

விவரம் சொல்லிவிடுகிறேன். வயது 33, கல்யாணம் ஆகவில்லை. மார்த்தாண்டத்தில் அம்மாவோடு இருக்கிறேன். வேலை திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில். காலையில் குழித்துறையில் ரயில் ஏறி கழக்கூட்டத்தில் இறங்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மாதச் சம்பளம் பிடித்தத்துக்கு முன் 1,20,000. பி.எஃப். 5,760. ஜனவரி வரை டிடிஎஸ் (சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) மாதம் 12,639. பிப்ரவரியில் அது 44,972. கூடவே அரையாண்டுத் தொழில் வரி 1,250.

பக்கத்து இருக்கைத் தோழிக்கும் எனக்கும் ஒரே கிரேடு, ஒரே சம்பளம். அவளுக்கு வருடம் முழுக்க மாதம் 9,100தான் பிடிக்கிறார்கள். அவளுக்குக் கணவர், ஒரு குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் உண்டு. எச்.ஆரில் கேட்டால், "உங்களுக்குக் காட்ட ஒன்றும் இல்லையே மேடம்" என்கிறார்கள். காட்ட ஒன்றும் இல்லை என்றால் என்ன அர்த்தம்? புருஷனும் பிள்ளையும் இல்லை என்பதா? ஒண்டிக்கட்டையாக இருப்பதற்கு அரசாங்கம் தனியாக ஏதும் வசூலிக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

மூன்று பிள்ளை அப்பா | பிப்ரவரி 28, இரவு 10.15

தங்கச்சி, கோபம் நியாயம்தான். ஆனால் ஆளை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். எனக்கு வருடம் 16 லட்சம். மனைவி வேலைக்குப் போகவில்லை, பிள்ளைகள் மூன்று, போதாததற்கு மாமனாரும் எங்களோடுதான். வரி 1,13,100. இதே 16 லட்சம் வாங்குகிற கல்யாணமாகாத பையன் ஒருவன் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறான். அவனுக்கும் 1,13,100தான், ஒரு ரூபாய் கூடவும் இல்லை குறையவும் இல்லை. அவன் வருடத்துக்கு ஒரு தடவை மணாலி போகிறான். நான் திற்பரப்பைத் தாண்டியதில்லை.

வடசேரி கணக்கர் | பிப்ரவரி 28, இரவு 10.50

நாகர்கோவிலில் பலருக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நம் நாட்டு வருமான வரிக்குக் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்ற பேதம் கிடையாது. ரிட்டர்ன் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. இங்கே ஒவ்வொருவரும் தனி ஆள். கணவன் மனைவி சேர்ந்து ஒரே ரிட்டர்ன் போடுகிற வழியும் இல்லை.

பிடித்தம் ஏன் குதித்தது என்று பார்க்க எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். (1) வரி கணக்கிடப் பழைய முறை (முதலீடு, வாடகை என்று கழிவு காட்டலாம்), புதிய முறை (விகிதம் குறைவு, கழிவு அநேகமாக இல்லை) என்று இரண்டு உண்டு. ஏப்ரலில் எதைச் சொன்னீர்கள்? (2) என்னென்ன முதலீடு செய்வேன் என்று எழுதிக் கொடுத்தீர்கள்? (3) அதில் எதற்கெல்லாம் ரசீது கொடுத்தீர்கள்? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதையும் போடுங்கள்.

தக்கலை வாத்தியார் | மார்ச் 1, காலை 6.05

அரசுப் பள்ளியில் 34 வருடம் குப்பை கொட்டியவன். எங்களுக்குப் பிப்ரவரி என்றாலே 'டாக்ஸ் மாதம்'. அந்த மாதம் முழுச் சம்பளமும் வரிக்கே போகிறவர்கள் உண்டு. ஆசிரியர் அறையில் எல்.ஐ.சி. ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது என்று ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருப்போம். மார்ச்சில் கிருஷ்ணன்கோவில் பக்கம் கடன் கேட்டு அலைந்ததெல்லாம் வேறு கதை.

ஒண்டிக்கட்டை வரி என்று கேட்டீர்களே, அது இந்த நாட்டில் உண்மையிலேயே இருந்தது. 1955-56 பட்ஜெட்டில் நிதியமைச்சர் சி.டி. தேஷ்முக் அதைக் கொண்டுவந்தார். அதுவரை எல்லோருக்கும் 1,500 ரூபாய் வரை வரி இல்லை. அதை மணமானவருக்கு 2,000 ஆக உயர்த்தி, மணமாகாதவருக்கு 1,000 ஆகக் குறைத்தார்கள். அதாவது ஒண்டிக்கட்டையின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் குடும்பஸ்தனுக்குக் கொடுத்தார்கள். அப்போது நம் ஊர் தமிழ்நாட்டில்கூட இல்லை, திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1-இல்தானே இங்கே வந்தோம். அந்த ஏற்பாடு எப்போதோ போய்விட்டது.

பெண்களுக்கு என்று ஒரு சலுகை பிற்பாடு இருந்தது. 2011-12 வரை ஆண்களுக்கு 1,80,000 என்றால் பெண்களுக்கு 1,90,000 வரை வரி இல்லை. அடுத்த வருடம் எல்லோருக்கும் 2,00,000 என்று சமமாக்கியதில் அதுவும் போச்சு.

குழித்துறை ரயில் | மார்ச் 1, காலை 8.20

கணக்கர் அண்ணாச்சி, பதில் இதோ.

பழைய முறை என்றுதான் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம், யோசிக்கவே இல்லை. அடிப்படைச் சம்பளம் 48,000. ஏப்ரலில் எழுதிக் கொடுத்தது: 80சி-யில் (பி.எஃப். போன்ற சேமிப்புக்கான வரிக் கழிவு) 1,50,000, அறை வாடகை மாதம் 12,000, அம்மாவுக்கும் எனக்கும் மருத்துவக் காப்பீடு 40,000.

நடந்தது வேறு. அம்மாவுக்கு மூட்டு வலி கூடியதால் ஏப்ரல் கடைசியில் கழக்கூட்டத்து அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். வாடகை ரசீது என்று ஒன்றும் என்னிடம் இல்லை. பி.பி.எஃப்.-இல் போடலாம் என்று வைத்திருந்த பணம் ஓட்டுக் கூரையை மாற்றியதில் போனது. காப்பீடு எடுக்க எடுக்க என்று இன்னும் எடுக்கவில்லை. ஜனவரியில் ரசீது கேட்டு மெயில் வந்தபோது கொடுக்க பி.எஃப். தவிர ஒன்றுமில்லை.

எழுதிப் பார்க்கும்போதுதான் தப்பு என் பக்கம் என்று கொஞ்சம் உறைக்கிறது.

இரணியல்காரன் | மார்ச் 1, காலை 9.02

இதுக்கெல்லாமா கவலை? வீடு அம்மா பெயரில்தானே. மாதம் 15,000 வாடகை கொடுத்ததாக அம்மாவிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான்.

வடசேரி கணக்கர் | மார்ச் 1, காலை 11.30

இரணியல் தம்பி சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பெற்றோருக்கு வாடகை கொடுப்பது சட்டப்படி தப்பில்லை. ஆனால் உண்மையாகவே கொடுக்க வேண்டும். வங்கி வழியாகப் போனால் நல்லது. அம்மாவுக்கு அது வருமானம். கொடுக்காத வாடகைக்கு ரசீது எழுதினால் அது பொய்க்கணக்கு. பிடிபட்டால் ஏய்த்த வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அந்த 'பாதிப் பேர்' இதுவரை பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

இனி கணக்கு. ஞாயிற்றுக்கிழமை, சாவகாசமாகவே போடுகிறேன்.

உங்கள் வருடச் சம்பளம் 14,40,000. பழைய முறையில் எல்லாச் சம்பளக்காரருக்கும் உள்ள நிலையான கழிவு 50,000, தொழில் வரி 2,500 போனால் 13,87,500. ஏப்ரலில் நீங்கள் எழுதிக் கொடுத்ததை நம்பிக் கம்பெனி என்ன செய்தது? வாடகைப் படியில் 86,400 கழித்தது (வருட வாடகை 1,44,000-இல் அடிப்படைச் சம்பளத்தின் 10 சதவீதமான 57,600 போக மீதி). 80சி 1,50,000, காப்பீடு 40,000. மீதி 11,11,100. அதற்கு வரி, செஸ் என்ற 4 சதவீதக் கூடுதல் வரியும் சேர்த்து 1,51,663. பன்னிரண்டால் வகுத்தால் 12,639. உங்கள் ஜனவரி வரைப் பிடித்தம் வந்துவிட்டதா?

ரசீது வரவில்லை என்றதும் கம்பெனி எல்லாவற்றையும் அடித்துவிட்டது. மிஞ்சியது பி.எஃப். 69,120 மட்டும். அப்போது வரிக்குரிய வருமானம் 13,18,380. வரி 2,16,335. பத்து மாதத்தில் பிடித்தது 1,26,390. பாக்கி 89,945. வருடத்தில் மிச்சம் இருப்பது பிப்ரவரி, மார்ச் இரண்டே மாதம். ஆளுக்குப் பாதி: 44,972. அதனால் மார்ச்சிலும் இதே பிடித்தம் வரும், இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் மேல் தப்பில்லை. வருடம் முழுவதற்கும் வரியை உத்தேசித்து மாதாமாதம் பிடிக்கவேண்டியது அவர்கள் கடமை. குறைத்துப் பிடித்தால் வட்டி அவர்கள் தலையில் விழும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன 1,50,000, வாடகை, காப்பீடு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து ரசீதும் கொடுத்திருந்தால்கூட 1,51,663 கட்டியிருப்பீர்கள். இதே சம்பளத்துக்குப் புதிய முறையில் எவ்வளவு தெரியுமா?

14,40,000-இல் நிலையான கழிவு 75,000 போனால் 13,65,000. முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 வரை 5 சதவீதம், 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. 12-க்கு மேல் உள்ள 1,65,000-க்கு 15 சதவீதம், 24,750. மொத்தம் 84,750. செஸ் சேர்த்து 88,140.

ஒரு ரசீதும் வேண்டாம். எண்பத்தெட்டாயிரத்து நூற்று நாற்பது. அவ்வளவுதான் உங்கள் வரி.

குழித்துறை ரயில் | மார்ச் 1, பகல் 12.10

அண்ணாச்சி!! அப்படியென்றால் ஜனவரிக்குள்ளேயே என் வருட வரியைத் தாண்டிப் பிடித்துவிட்டார்களா? இப்போது மாற்ற முடியுமா?

வடசேரி கணக்கர் | மார்ச் 1, பகல் 12.45

எச்.ஆரில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் நடுவருடத்தில் மாற்ற விடுவதில்லை. ஆனால் கம்பெனியிடம் சொன்னது டிடிஎஸ் கணக்குக்கு மட்டும்தான். முடிவான தேர்வு ரிட்டர்ன் போடும்போது உங்கள் கையில். மாதச் சம்பளக்காரருக்கு அந்த உரிமை வருடாவருடம் உண்டு. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான முறை. பழையது வேண்டும் என்பவர்தான் கெடுவுக்குள், அதாவது ஜூலை 31-க்குள், கேட்டு வாங்க வேண்டும். நீங்கள் புதியதற்குப் போவதால் அந்தப் பயம் இல்லை. இருந்தாலும் தாமதித்தால் 5,000 வரை தாமதக் கட்டணம் விழும்.

ஜூன் 15-க்குள் கம்பெனி ஃபார்ம் 16 (சம்பளமும் பிடித்த வரியும் காட்டும் சான்றிதழ்) தருவார்கள். அதில் பழைய முறைக் கணக்கு இருக்கும், பதறாதீர்கள். பிடித்த தொகை வரித்துறைத் தளத்தில் உங்கள் பெயரில் உள்ள 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கில் சரியாக ஏறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரிட்டர்னில் புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் 2,16,335-இல் 88,140 போக 1,28,195 திரும்பி வரும். கெடுவுக்குள் போட்டால் ஏப்ரல் 1-இலிருந்து மாதம் அரை சதவீதம் வட்டியும் உண்டு. (அந்த வட்டி அடுத்த வருட வருமானம். அதையும் மறக்காமல் காட்டுங்கள்.) வங்கிக் கணக்கை வரித்துறைத் தளத்தில் சரிபார்த்து வையுங்கள். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அதை இ-வெரிஃபை (இணையத்தில் உறுதி) செய்யுங்கள். நிறையப் பேர் அதை விட்டுவிட்டுத்தான் ரீஃபண்ட் வரவில்லை என்று என்னிடம் வருகிறார்கள்.

உங்கள் தோழி விஷயம். மாதம் 9,100 என்றால் வருடம் 1,09,200. வீட்டுக் கடன் வட்டி 2,00,000, 80சி 1,50,000, காப்பீடு 75,000 காட்டியிருப்பார் போல, கணக்கு அப்படித்தான் உட்காருகிறது. அத்தனையும் காட்டியும் புதிய முறையைவிட 21,060 அதிகமாகக் கட்டுகிறார். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் பழைய முறை லாபமாக வேண்டும் என்றால், நிலையான கழிவும் தொழில் வரியும் போக இன்னும் சுமார் 5,26,000-க்குக் கழிவு காட்ட வேண்டும். அது வாடகையும் வீட்டுக் கடனும் ஒருங்கே உள்ளவருக்கு எட்டலாம், மற்றவருக்குக் கடினம்.

கருங்கல் செவிலி | மார்ச் 1, பிற்பகல் 3.25

ஜெர்மனியிலிருந்து எழுதுகிறேன், மருத்துவமனையில் நர்ஸ். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்ததும் இந்த இழையைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது அக்கா. ஒண்டிக்கட்டை வரியைப் பார்க்க வேண்டும் என்றால் இங்கே வாருங்கள்.

இங்கே வேலைக்குச் சேர்ந்ததுமே ஒரு வரி வகுப்பு கொடுப்பார்கள். கல்யாணம் ஆகாதவருக்கு ஒன்றாம் வகுப்பு. கல்யாணம் ஆகி, ஒருவர் அதிகமும் மற்றவர் குறைவாகவும் சம்பாதித்தால் மூன்றும் ஐந்தும். மூன்றாம் வகுப்பில் இருப்பவருக்கு மாதப் பிடித்தம் நன்றாகக் குறையும். கணவன் மனைவி வருமானத்தைக் கூட்டி, இரண்டாகப் பிரித்து, அந்தப் பாதிக்கு வரி போட்டு, மறுபடி இரட்டிப்பார்கள். 2025-இல் ஒரு ஆளுக்கு வரியில்லாத வருமானம் 12,096 யூரோ. தம்பதிக்கு அதில் இரண்டு மடங்கு, ஒருவர் ஒன்றுமே சம்பாதிக்காவிட்டாலும்.

இதில் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வேடிக்கை. என்னோடு வேலை செய்யும் நெய்யூர் பக்கத்து அக்காவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கணவரும் பிள்ளையும் ஊரில். அதனால் அவருக்கும் ஒன்றாம் வகுப்புதான். கணவர் இங்கே வந்து சேர்ந்து குடியிருந்தால்தான் மாறும். தாலி கட்டியும் ஒண்டிக்கட்டை!

அப்புறம், 23 வயதைத் தாண்டியும் பிள்ளை இல்லை என்றால் பராமரிப்புக் காப்பீட்டுக்கு 0.6 சதவீதம் கூடுதலாகப் பிடிப்பார்கள். இதைவிட நேரடியாக ஒருவரைப் பார்த்து 'பிள்ளை எங்கே' என்று கேட்க முடியாது. நம் ஊர் அத்தைமார் பரவாயில்லை.

அதைவிடப் பெரிய கதை சர்ச் வரி. வந்த புதிதில் நகராட்சியில் முகவரி பதியப் போனேன். மதம் என்ற கட்டத்தில் ரோமன் கத்தோலிக்கம் என்று பெருமையாக எழுதினேன். முதல் சம்பளத்தில் பார்த்தால் வருமான வரிக்கு மேல் இன்னொரு வரி. பெரும்பாலான மாநிலங்களில் வருமான வரியில் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8. ஊரில் ஞாயிறு காணிக்கைப் பையில் போடுவது நம் இஷ்டம். இங்கே கம்பெனியே எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

2024-க்கு ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) போட்ட கணக்கில், சராசரிச் சம்பளம் வாங்கும் பிள்ளையில்லாத தனியாளுக்காக முதலாளி செலவழிக்கும் மொத்தத்தில் வரியும் சமூகக் காப்பீடுமாகப் போவது ஜெர்மனியில் 47.9 சதவீதம், பெல்ஜியத்தில் 52.6. மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் பே ஸ்லிப்பைப் பார்க்கும்போது வயிறு எரியத்தான் செய்கிறது.

குளச்சல் காற்று | மார்ச் 1, மாலை 4.10

துபாயில் 11 வருடம். இங்கே சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது, ஒண்டிக்கட்டைக்கும் இல்லை, குடும்பஸ்தனுக்கும் இல்லை. வரிக்குப் பதில் வாடகை என்று ஒன்று இருக்கிறது, எட்டுப் பேர் ஒரே அறை. மஸ்கட்டில் இருக்கும் மச்சான் மட்டும் கொஞ்சம் பயப்படுகிறான். ஓமானில் 2028 ஜனவரி முதல் வருமான வரி வருகிறது. வருடம் 42,000 ரியாலுக்கு மேல் சம்பாதிப்பவருக்குத்தான், 5 சதவீதம். மச்சான் அந்தத் தொகையை எட்டவே நான் தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

செட்டிகுளம் ஜங்ஷன் | மார்ச் 1, இரவு 8.55

துணிக்கடையில் வேலை. சம்பளம் 18,000. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) 135, பி.எஃப். 1,800 போக 16,065 வரும். லட்சத்தில் சம்பளம் வாங்கி வரிக்கு அழுகிற இழையை ஏன் படிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி. என்னோடு நிற்கும் அண்ணனுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவருக்கும் பிடித்தம் அதே 135. அதில் நான்கு பேர் வைத்தியம் பார்க்கிறார்கள். நான் தனியாள். இதை யாரும் ஒண்டிக்கட்டை வரி என்று சொல்லவில்லையே?

தக்கலை வாத்தியார் | மார்ச் 1, இரவு 9.30

நல்ல கேள்வி மக்களே. இந்த இழையிலேயே சரியான கேள்வி இதுதான். உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் இ.எஸ்.ஐ. உண்டு, அதை வாங்கிவிட்டீர்களா? இல்லையென்றால் முதலில் அவர்கள் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். தனியாள் என்று நினைத்துச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

செட்டிகுளம் ஜங்ஷன் | மார்ச் 1, இரவு 9.41

அம்மா பெயர் இருக்கு சார். அப்பா இல்லை.

மூன்று பிள்ளை அப்பா | மார்ச் 1, இரவு 10.20

என் பேச்சுக்குத் திரும்ப வருகிறேன். ஒரு ஆளுக்குப் புதிய முறையில் 12,75,000 வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு 12,75,000 வாங்கினால் அந்த வீட்டுக்கு 25,50,000 வருகிறது, வரி பூஜ்யம். அதே 25,50,000-ஐ ஒரே ஆள் சம்பாதித்தால்? கணக்கர் சரிபார்க்கட்டும், எனக்கு 3,35,400 வருகிறது. என்னைப் போல ஒற்றைச் சம்பளத்தில் ஆறு பேர் சாப்பிடும் வீட்டுக்குத்தான் அடி. கணவன் மனைவி சேர்ந்து ரிட்டர்ன் போட வழி வேண்டும் என்று 2025 பட்ஜெட்டுக்கு முன் பட்டயக் கணக்காளர் நிறுவனமே பரிந்துரைத்தது. காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழித்துறை ரயில் | மார்ச் 1, இரவு 10.48

அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் சேர்ந்து ரிட்டர்ன் போடும் வழி வந்தால் அப்போதுதான் ஒண்டிக்கட்டை வரி உண்மையிலேயே வரும். ஜெர்மனித் தங்கச்சி சொன்னதைப் படித்தீர்களா? உங்களுக்கு ஒரு மனைவியைக் கணக்கில் கழிப்பார்கள். எனக்கு அம்மாவைக் கழிப்பார்களா? நானும் ஒற்றைச் சம்பளம்தான். அம்மாவின் மாத்திரை, பிசியோதெரபி, கூரை எல்லாம் இதில்தான். பழைய முறையில்கூடக் காப்பீடும் குறிப்பிட்ட சில நோய்களும் ஊனமும் தவிர, பெற்றோரைத் தாங்குவதற்கு என்று தனிக் கழிவு இல்லை. சோறு போடுவதற்குக் கழிவு இல்லை. குடும்பம் என்றால் தாலி கட்டியது மட்டும்தானா?

மூன்று பிள்ளை அப்பா | மார்ச் 1, இரவு 11.05

அது நியாயம். அம்மாவையும் சேர்க்கட்டும், நான் எதிர்க்கவில்லை. கணக்கு ஆள்பார்த்து இல்லாமல் அடுப்புப்பார்த்து இருக்கட்டும் என்கிறேன்.

வடசேரி கணக்கர் | மார்ச் 2, காலை 7.15

3,35,400 சரிதான். (24,75,000-க்கு வரி 3,22,500, அதில் 4 சதவீத செஸ்.)

அடுப்பு என்றதும் ஞாபகம் வந்தது. ஒரு வகையான கூட்டுக் கணக்கு நம் சட்டத்தில் உண்டு, இந்துக் கூட்டுக் குடும்பம் என்று. அதற்குத் தனி பான், தனி வரி விலக்கு. ஒற்றை ஆள் அதைத் தொடங்க முடியாது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த வழி கிடையாது. நம் மாவட்டத்தில் அப்படி எத்தனை வீடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அது வேறு விவாதம், இங்கே தொடங்கி வைக்க விரும்பவில்லை.

ரயில் தங்கச்சிக்கு ஒன்று: கல்யாணம் ஆகாதவருக்கு ஒரு வசதி இருக்கிறது, யாரும் பேசுவதில்லை. கணவன் தன் பணத்தை மனைவி பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டி கணவன் வருமானத்தோடு சேர்ந்துவிடும். மகள் அம்மாவுக்குக் கொடுத்தால் சேராது. அன்பளிப்பாகக் கொடுத்த பணத்துக்கு அம்மாவுக்கு வரி இல்லை, வரும் வட்டி அம்மாவின் வருமானம். அம்மா 60 தாண்டியிருந்தால் ஒரு வங்கியில் வருடம் 1,00,000 வரை வட்டிக்கு டிடிஎஸ்ஸும் பிடிக்கமாட்டார்கள். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதான், பிறகு அது அம்மாவின் பணம். கூடப்பிறந்தவர்கள் இருந்தால் நாளைக்கு அதற்கும் வாரிசு. யோசித்துச் செய்யுங்கள்.

தோவாளைப் பூ | மார்ச் 2, பிற்பகல் 1.30

என் கதையையும் கேளுங்கள். என் சம்பளம் சரியாக 12,75,000, வரி இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். டிசம்பரில் நல்ல வேலை செய்ததாக 50,000 போனஸ் கொடுத்தார்கள். அதற்கு வரி 52,000! கொடுத்ததைவிட 2,000 கூடப் பிடித்திருக்கிறார்கள். பேரோல் தப்பு என்று சண்டை போட்டேன், சரிதான் என்கிறார்கள். நானும் ஒண்டிக்கட்டைதான்.

வடசேரி கணக்கர் | மார்ச் 2, மாலை 6.40

சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள், பாவம். கழிவு போக 12 லட்சம் வரை உள்ளவருக்கு 60,000 வரை தள்ளுபடி. ஒரு ரூபாய் தாண்டினாலும் தள்ளுபடி போய்விடும், வரி 4 லட்சத்துக்கு மேலிருந்து கணக்காகும். அப்படித் திடீரென்று 60,000 விழாமல் இருக்க ஒரு தணிப்பு வைத்தார்கள்: 12 லட்சத்தைத் தாண்டிய தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது. நீங்கள் தாண்டியது 50,000. அதனால் வரி 50,000, அதன் மேல் செஸ் 2,000. வரிக்குரிய வருமானம் 12,70,000-ஐக் கொஞ்சம் தாண்டும் வரை இந்தக் குழிதான். கூடுதலாக வருகிற ஒவ்வொரு ரூபாயும் அப்படியே அங்கே போகும்.

அடுத்த வருடத்துக்கு வழி இருக்கிறது. உங்கள் பெயரில் நிறுவனமே என்.பி.எஸ்.-இல் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போடும்படி சம்பளத்தை மாற்றி அமைக்கச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழியும். புதிய முறையில் உயிரோடு இருக்கும் ஒரு சில கழிவுகளில் அதுவும் ஒன்று.

மட்டிக்குலை | மார்ச் 3, காலை 6.50

தோட்டம் உள்ளவர்கள் கொஞ்சம் கவனம். அப்பா போனபிறகு தோப்பு என் பெயருக்கு வந்தது. தேங்காயும் மட்டிப் பழமுமாக வருடம் 2 லட்சம் வரும். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்று நம்பிக் காட்டாமல் விட்டேன். வரி இல்லைதான். ஆனால் சம்பளத்துக்கான வரி விகிதத்தைக் கணக்கிட அதைக் கூட்டிப் பார்ப்பார்களாம். கழிவு போகச் சம்பளம் 13 லட்சம். அதற்கு 75,000 என்று நினைத்திருந்தேன், தோப்பைக் கூட்டினால் 95,000 ஆகிறது, செஸ் தனி.

வடசேரி கணக்கர் | மார்ச் 3, காலை 8.05

சரி. 15 லட்சத்துக்கு வரி 1,05,000. அதில் 6 லட்சத்துக்கான 10,000-ஐக் கழித்தால் 95,000. விவசாய வருமானம் 5,000-ஐத் தாண்டினாலே காட்ட வேண்டும். ரப்பர் விஷயம் இன்னும் சிக்கல், அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

குழித்துறை ரயில் | மார்ச் 8, காலை 10.15

எல்லோருக்கும் நன்றி. எச்.ஆர். மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். மார்ச்சிலும் பிடிப்பார்கள். ஜூன் வரை பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். கூரை போட்ட கொத்தனாருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, பேசியிருக்கிறேன். ஏப்ரலில் முதல் வேலையாகப் புதிய முறை என்று எழுதிக் கொடுப்பேன்.

தோழியிடம் ரயிலில் வரும்போது கணக்கர் அண்ணாச்சியின் கணக்கைக் காட்டினேன். நெய்யாற்றின்கரை தாண்டும்வரை அவள் நம்பவில்லை. வீட்டுக் கடன் வாங்கியதே வரி மிச்சமாகும் என்றுதானே என்று அவள் கணவர் சண்டைக்கு வந்தாராம். இப்போது அவளும் 21,060-க்குக் காத்திருக்கிறாள்.

அம்மாவிடமும் எல்லாம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீ கல்யாணம் பண்ணினாலும் வரி குறையாதா?" என்றார். குறையாது என்றேன். வெகு நாளாக எனக்குச் சொல்ல வைத்திருந்த ஒரு காரணம் கையை விட்டுப் போனதுபோல உட்கார்ந்திருக்கிறார்.